அஞ்சலா, சங்கமா, கணினியா: டர்பன் ஹாம் தன் தொடர்புகளை எப்படி உறுதிசெய்வது?

அமெச்சூர் வானொலியில், அதாவது உரிமம் பெற்ற 'ஹாம்'கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலியில், ஒருவரோடு பேசி முடித்து மைக்கைக் கீழே வைத்தாலும் வேலை முடிவதில்லை. இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன அலைவரிசையில் நாம் இருவரும் பேசினோம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல்தான் கியூஎஸ்எல். முன்பு அதற்கு இருந்தது அச்சடித்த அட்டை ஒன்றுதான். இப்போது நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருக்கிறது, ஒரு கட்சிக்கு மற்றதைக் கண்டால் ஆகாது.

டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தங்கை, தென்னாப்பிரிக்க ரேடியோ லீக் நடத்தும் தேர்வில் தேறி, வானொலியில் ஒருவரை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியை வாங்கிய சில வாரங்களில் எனக்குச் செய்தி அனுப்பினாள்: "அண்ணா, ஜெர்மனிக்காரர் சங்கத்தின் வழியாக அட்டை அனுப்பச் சொல்கிறார். அமெரிக்காக்காரர் கணினியில் ஏற்றினால் போதும் என்கிறார். மதுரையிலிருந்து பேசிய ஒரு பெரியவர் அட்டை அனுப்ப வீட்டு முகவரி கேட்கிறார். இத்தாலிக்காரர் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். நான் எதைத்தான் செய்வது?"

இத்தாலிக்காரரின் அவசரத்தைத் தவிர மற்ற எல்லாமே நியாயமான கோரிக்கைதான். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நாம் அனுப்பும் உறுதிப்பாடு பெரும்பாலும் நமக்கு எதையும் தருவதில்லை, எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் தருகிறது. 1937 முதல் இருந்துவரும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்குக் குறைந்தது 100 நாடுகளோடு அல்லது தனி இடங்களோடு பேசியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இன்றைய பட்டியலில் 340 இடங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கா அதில் அரிய இடம் இல்லை. ஆனால் ஒசாகாவில் மாடி வீட்டு பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டி வைத்திருப்பவருக்கு முதல் தென்னாப்பிரிக்கா நீங்களாகவே இருக்கலாம். உலகை 40 மண்டலங்களாகப் பிரிக்கும், சி.கியூ. என்ற ஹாம் பத்திரிகை வகுத்த கணக்கில் நாம் இருப்பது 38. உள்நாட்டுக் கணக்கில் க்வாஸூலு-நடாலின் இசட்.எஸ்.5, நாட்டின் ஆறு அழைப்பு மண்டலங்களில் ஒன்று. கேப் டவுன்காரரின் அட்டை அந்த இடத்தை நிரப்பாது.

நம் வீட்டு மொய் நோட்டைப் போலத்தான் இதுவும்: யார் என்ன செய்தார் என்று குறித்து வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் அவருக்குத் திருப்பிச் செய்கிறோம். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது "எனக்கு எது சுலபம்" என்பதோடு "அவருக்கு எது செல்லும்" என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு வழி மலிவாகவும் வேகமாகவும் இருந்து, எதிர்முனைக்காரரின் விருதுக்குச் செல்லாது என்றால் அது அவருக்கு வெறும் வாழ்த்து மடல்.

நேரடி அஞ்சல்

அட்டையை உறையிலிட்டு நேராக அவர் முகவரிக்கு அனுப்புவது. கையில் வருகிறது, எந்த விருதுக்கும் செல்லும், சுவரில் மாட்டலாம், பேரப்பிள்ளைக்குக் காட்டலாம். இந்தப் பொழுதுபோக்கின் அழகெல்லாம் இதில்தான் இருக்கிறது; செலவும் ஆபத்தும் இதில்தான்.

அட்டையை நிரப்புவதிலேயே பாதி மரியாதை அடங்கியிருக்கிறது. நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுத வேண்டும். தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. கோடை, குளிர் என்று மாறுவதும் இல்லை. மார்ச் 5 அதிகாலை ஒரு மணிக்கு நீங்கள் பிரேசிலோடு பேசினால் அட்டையில் வர வேண்டியது மார்ச் 4, 23:00. இரவுப் பறவைகளான நாம் சறுக்குவது பெரும்பாலும் இந்தத் தேதியில்தான். மாதத்தை எண்ணால் எழுதாதீர்கள். 04-03 என்றால் நமக்கு மார்ச் நாலு, அமெரிக்காக்காரருக்கு ஏப்ரல் மூன்று. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் வழக்கே இல்லை. பிழையாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்தாமல், அந்த அட்டையைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுங்கள். திருத்தம் உள்ள அட்டையை விருது சரிபார்ப்பவர் ஏற்க மாட்டார். பெறுபவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்று கேட்கவும் கூச்சப்பட்டு, தவிப்பார்.

உங்கள் அழைப்புக்குறி, அவருடையது, தேதி, நேரம், அலைவரிசை, குரலா, மோர்ஸா, கணினிகள் செய்தி மாற்றும் எஃப்.டி.8ஆ என்ற முறை, அவர் சிக்னலுக்கு நீங்கள் கொடுத்த மதிப்பு, உங்கள் இருப்பிடம், டர்பன் என்றால் கேஜி50 என்ற வரைபடக் கட்டக்குறி: இவை எல்லாம் அட்டையின் ஒரே பக்கத்தில் இருந்தால் நல்லது. அவருடைய அட்டை உங்களுக்கு வேண்டுமென்றால் "அட்டை அனுப்பவும்" என்ற கட்டத்திலும், ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் "நன்றி" என்ற கட்டத்திலும் குறியிடுங்கள். இந்தச் சின்னக் குறியைப் போடாமல் விட்டதால் இருவரும் ஒருவர் அட்டைக்கு மற்றவர் பதில் அனுப்பிக்கொண்டே இருந்த கதைகள் உண்டு.

அடுத்தது உறை. அட்டையை முதலில் கேட்பவர்தான் திரும்பி வரும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். உங்கள் முகவரி எழுதிய உறையை உள்ளே வைத்து, அஞ்சல்தலைக்கான தொகையையும் வையுங்கள். உள்ளே போகும் உறை வெளி உறையைவிட ஒரு விரல் சின்னதாக இருந்தால் மடிக்க வேண்டியதில்லை. ஒரே அளவு உறைகளை வாங்கி ஒன்றை மூன்றாக மடித்துத் திணித்தால், அந்தப் புடைப்பைத் தடவிப் பார்க்கிற எவருக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக, உறையின் வெளியே அவருடைய அழைப்புக்குறியை எழுதவே கூடாது. பெயரும் முகவரியும் போதும். ஹாம் கடிதங்களில் டாலர் இருக்கும் என்பது அஞ்சல் திருடர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அந்த டாலருக்கு ஹாம்கள் வைத்த செல்லப்பெயர் 'பச்சை அஞ்சல்தலை'. இரண்டு போதும் என்ற காலம் போய், பலர் மூன்று கேட்கிறார்கள். ரொக்கத்தைக் கடிதத்தில் வைப்பதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதால் முதலில் விசாரியுங்கள். ஒரு காலத்தில் இதற்கென்றே பன்னாட்டுப் பதில் கூப்பன் இருந்தது. 1906இல் ரோமில் கூடிய அஞ்சல் மாநாட்டில் பிறந்தது. ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் அஞ்சல்தலையாக மாற்றிக்கொள்ளலாம். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்பவர் இந்தக் கூப்பன்களின் விலை வித்தியாசத்தில் கொள்ளை லாபம் தருவதாகச் சொல்லித்தான் ஊரையே ஏமாற்றினார். இன்றும் சீட்டு மோசடிகளுக்கெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நம் அப்பாவிக் கூப்பனுக்கு இப்படியும் ஒரு புகழ். அமெரிக்கா 2013இல் விற்பனையை நிறுத்திவிட்டது. கூப்பனை நம்பித் திட்டம் போடுகிற நிலை இப்போது இல்லை.

இனி நம் ஊர் நிலவரம். தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனம் 2023 பிப்ரவரியில் தற்காலிகக் கலைப்புக்கும், அதே ஆண்டு ஜூலையில் மீட்பு நடவடிக்கைக்கும் உள்ளானது. நூற்றுக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தார்கள். இந்த நிலையில் "இரண்டு வாரத்தில் வரும்" என்று வெளிநாட்டுக்காரருக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தனியார் கூரியரில் ஓர் அட்டையை அனுப்பும் பணத்தில் ஒரு கட்டு அட்டை அச்சடித்துவிடலாம்.

வீட்டு முகவரி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். கூரையில் பெரிய ஆன்டெனா, உள்ளே விலையுயர்ந்த வானொலி, இணையத்தில் தெருப்பெயரோடு முகவரி: இந்த மூன்றும் சேர்ந்து இருப்பது தென்னாப்பிரிக்காவில் புத்திசாலித்தனம் இல்லை. அஞ்சல் பெட்டி எண்ணையோ கிளப்பின் முகவரியையோ கொடுங்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன்.

இத்தனைக்கும் பிறகு யாருக்கு நேரடி அஞ்சல்? உறையும் செலவும் வைத்து முறையாகக் கேட்டவருக்குக் கட்டாயம். கேட்காவிட்டாலும், உங்கள் மனத்துக்கு நெருக்கமான தொடர்புகளுக்கு. மதுரைப் பெரியவர் அந்த வகை. ஏறத்தாழ 7000 கிலோமீட்டருக்கு அப்பால், இரைச்சலுக்கு நடுவே, தமிழில் "சாப்பிட்டாச்சா அம்மா?" என்று கேட்டவருக்குக் கணினியில் ஒரு டிக் அடித்து அனுப்ப எனக்கு மனம் வராது. டர்பன் கடற்கரைப் படம் போட்ட அட்டையின் ஓரத்தில் பேனாவால் தமிழில் இரண்டு வரி எழுதி, உறையின் மேல் நல்ல அஞ்சல்தலையாகப் பார்த்து ஒட்டி அனுப்பச் சொன்னேன். வந்து சேர மூன்று மாதம் ஆகலாம், அவர் காத்திருப்பார்.

சங்கத்தின் வழி

ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் உறுப்பினர்களின் அட்டைகளைச் சேர்த்து, நாடுவாரியாகப் பிரித்து, மொத்தமாக மற்ற நாட்டுச் சங்கங்களுக்கு அனுப்புகிறது. அங்கே மறுபடியும் பிரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கியூஎஸ்எல் பியூரோ. நம் நாட்டில் இது 1925இல் தொடங்கிய ரேடியோ லீகின் கையில் இருக்கிறது.

செலவு சொற்பம். வேகத்தைக் கேட்காதீர்கள்: ஓராண்டு என்றால் அதிர்ஷ்டம், இரண்டு மூன்று ஆண்டு சகஜம். நான் குறை சொல்லவில்லை; அந்தத் தாமதத்துக்கு ஒரு சுவை இருக்கிறது. கிளப் கூட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். உதறினால் ஜெர்மனி, ஜப்பான், செக், போலந்து என்று விழும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 இரவுகளில், அக்கம்பக்கத்து மின்சாதனங்கள் எல்லாம் அடங்கி, பேட்டரியில் ஓடும் வானொலியில் இரைச்சல் சட்டென்று விழுந்துவிடும். பலவீனமான ஐரோப்பியக் குரல்கள் தெளிவாக எழும்பி வரும். அந்த இரவுகளின் அட்டைகள் இப்போதும் இந்த வழியில் வந்துகொண்டிருக்கின்றன.

விதிகள் கொஞ்சம்தான். அட்டை 14க்கு 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெரிதானால் கட்டில் மடங்கும், சிறிதானால் தொலையும். போக வேண்டியவரின் அழைப்புக்குறியைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுத வேண்டும். பிரிப்பவர் தன்னார்வலர், கண்ணாடி போட்ட பெரியவராக இருப்பார். பெறுபவருக்கு முகவராக வேறொரு ஹாம் அட்டைகளைக் கவனித்துக்கொள்கிறார் என்றால் அந்த முகவரின் குறியைத்தான் போட வேண்டும். பெறுபவர் அவர் நாட்டுச் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. உறுப்பினர் இல்லையென்றால் பல சங்கங்களில் அந்த அட்டை குப்பைக்குப் போகும். பியூரோவே இல்லாத நாடுகளும் உண்டு.

ஜெர்மனிக்காரருக்கும் ஜப்பானியருக்கும் இந்த வழி கச்சிதம். அந்த இரண்டு நாட்டுச் சங்கங்களின் பியூரோக்களும் நன்றாக இயங்குகின்றன, உறுப்பினர்களும் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

கணினி வழிகள்

இங்கேதான் என் சாய்வு. 2003இல் அமெரிக்கச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற சேவையைத் தொடங்கியது. நீங்கள் உங்கள் தொடர்புகளின் பதிவேட்டை ஏற்றுகிறீர்கள், அவர் தன்னுடையதை ஏற்றுகிறார். இரண்டும் பொருந்தினால் இருவருக்கும் உறுதிப்பாடு. அழைப்புக்குறிகளும் அலைவரிசையும் முறையும் ஒத்துப்போக வேண்டும். நேரத்தில் 30 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். அட்டைப் படம் கிடையாது, வாழ்த்து கிடையாது, ஒரு வங்கிக் கணக்கின் அழகுதான் இதற்கும். ஆனால் டி.எக்ஸ்.சி.சி.க்கும் மண்டல விருதுக்கும் செல்லும். ஏற்றுவதற்குக் காசு இல்லை. விருதுக் கணக்கில் சேர்க்கும்போதுதான் விருது கேட்பவர் கட்டணம் செலுத்துகிறார்.

நுழைவாசலில் கொஞ்சம் கெடுபிடி உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் வானொலி உரிமத்தின் நகலையும் இன்னோர் அரசு ஆவணத்தின் நகலையும் அனுப்பி, டிஜிட்டல் சான்றிதழ் வாங்க வேண்டும். எங்கள் கிளப்பில் பலர் இந்தப் படியிலேயே சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், ஒரு மாலைப்பொழுது வேலைதான். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதி ஆகும் முன் புதுப்பித்தால் மறுபடி ஆவணம் கேட்க மாட்டார்கள். சான்றிதழ்க் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். மின்வெட்டு, மின்னல், திருட்டு என்று எதில் கணினி போனாலும் சான்றிதழ் கூடவே போய்விடும், பிறகு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. கேட்டவரின் தொடர்பை மட்டும் தேடி ஏற்றுவது சில்லறைத்தனம். முழுப் பதிவேட்டையும் ஏற்றுங்கள். ஏற்றினால் எதிர்முனைக்காரர் உங்களைக் கேட்கவே வேண்டியிருக்காது, இத்தாலிக்காரரின் மூன்று மின்னஞ்சலும் பிறந்திருக்காது. வாரம் ஒரு நாள் போதும். வானொலிப் போட்டி நாட்களின் பதிவேட்டை மட்டும், போட்டிக்குச் சமர்ப்பிக்கும் கெடு முடிந்த பிறகு ஏற்றுவது வழக்கம். அந்தப் பக்கத்திலும் பொறுமை வேண்டும். பேசி முடித்த மறுநாளே "இன்னும் ஏற்றவில்லையே" என்று எழுதுவது, விருந்து வீட்டில் கைகழுவும் முன் தாம்பூலம் கேட்கிற அவசரம். மாதம் ஒன்று போகட்டும். பிறகு ஒரே ஒரு மடல், பணிவாக.

2017இல் வெளிவந்த எஃப்.டி.8 முறை இந்த வழியை ஏறக்குறைய கட்டாயமாக்கிவிட்டது. 15 வினாடிக்கு ஒரு முறை செய்தி மாற்றி, ஒரு மாலையில் நூறு தொடர்புகள் சேர்ப்பவருக்கு நூறு அட்டை எழுதக் கை வராது. கணினியே பதிவுசெய்கிறது, கணினியே ஏற்றட்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். எல்லா முட்டையும் ஒரே அமெரிக்கக் கூடையில்தான். 2024 மே மாதம் அந்தச் சங்கத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, ஜூலை தொடக்கம் வரை சேவை முடங்கிக் கிடந்தது. தரவு அழியவில்லை, ஆனாலும் அந்த வாரங்களில் அட்டைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது.

2000இல் தொடங்கிய இ-கியூஎஸ்எல் தளம் வேறு மாதிரி. இங்கே படத்தோடு கூடிய மின்னட்டை வரும். அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். சேருவது சுலபம். அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்டவர்களின் மின்னட்டை சி.கியூ. விருதுகளுக்குச் செல்லும், டி.எக்ஸ்.சி.சி.க்குச் செல்லாது. ஆகவே இதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டு மென்பொருள் ஒரே சொடுக்கில் இரண்டுக்கும் அனுப்பிவிடும், கூடுதல் உழைப்பு இல்லை. ஹாம்களின் முகவரிப் புத்தகம் போன்ற கியூ.ஆர்.இசட். தளத்தின் பதிவேட்டுக்கும் இதுவே பொருந்தும்: அதன் சொந்த விருதுகளுக்கு நல்லது, வேறெங்கும் அவ்வளவாகச் செல்லாது. பூங்காக்களிலிருந்து ஒலிபரப்புபவர்களின் திட்டத்தில் பூங்காவில் இருப்பவர் பதிவேட்டை ஏற்றினாலே போதும், அட்டைப் பேச்சே இல்லை.

லெசோத்தோவுக்குப் போனால் கணக்கு மாறும்

டர்பன்காரர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சபலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹிமவில் தாண்டி சானி கணவாயில் ஏறினால் லெசோத்தோ. தென்னாப்பிரிக்காவுக்குள் முழுக்க அடங்கிய நாடு, ஆனால் தனி நாடு. அதன் 7பி8 என்ற அழைப்புக்குறி முன்னொட்டு உலகம் முழுக்கத் தேடப்படுவது. முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வார இறுதிக்குப் போனால், வீட்டில் நாம் கூப்பிட்டால் ஒருவர் வருகிற இடத்தில் அங்கே முந்நூறு பேர் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடுவார்கள். எஸ்வதினியின் 3டிஏ0வும் அப்படித்தான்.

போவதற்கு முன்பே உறுதிப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யாமல் போகிறவர்களை நான் மதிப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மூன்று மணி நேரம் கத்தி உங்களைப் பிடித்திருப்பார். நீங்கள் பதிவேட்டை மடிக்கணினியிலேயே தூங்கவிட்டால் அவருடைய மூன்று மணி நேரமும் வீண். இங்கே 'கிளப் லாக்' தளத்தின் ஓ.கியூ.ஆர்.எஸ். என்ற இணையக் கோரிக்கை முறைதான் மற்ற எல்லாவற்றையும்விட மேல். பதிவேட்டை ஏற்றியதும், கூப்பிட்டவர் தன் குறி அதில் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நீங்கள் அங்கே இருக்கும்போதே மறுபடி முயலலாம். அட்டை வேண்டுமென்றால் தளத்திலேயே கேட்டு, அஞ்சல் செலவை இணையத்தில் செலுத்துகிறார். பியூரோ வழி என்றால் இலவசம். அவர் டர்பனுக்கு உறை அனுப்பவும் வேண்டாம், அது வழியில் தொலையவும் வேண்டாம். நம் அஞ்சலின் நிலையை நினைத்தால் ஒரு பாதி ஆபத்து குறைகிறது.

வாங்கும் தொகை செலவை ஈடுகட்டினால் போதும். பயணச் செலவையும் அட்டையில் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புதிய குறிக்கு லாக்புக்கில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். டர்பன் சான்றிதழில் லெசோத்தோ தொடர்புகளை ஏற்றினால் யாருக்கும் பொருந்தாது.

பதிவேட்டில் இல்லாதவர் கேட்டால்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தச் சிக்கல் வரும். ஒருவர் எழுதுவார்: "இன்ன நேரத்தில் உங்களோடு பேசினேன், உறுதிசெய்யுங்கள்." உங்கள் பதிவேட்டில் அவர் இருக்க மாட்டார்.

உடனே "இல்லை" என்று பதில் எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் பாருங்கள். மோர்ஸில் 'எஸ்' மூன்று புள்ளி, 'எச்' நாலு புள்ளி. மங்கலான சிக்னலில் ஒரு புள்ளி விழுங்கப்பட்டிருக்கும். குரலில் 'பி'யும் 'டி'யும் இரட்டைப் பிள்ளைகள். அவர் சொன்ன அதே நிமிடத்தில், அதே அலைவரிசையில், ஓர் எழுத்து மட்டும் மாறிய ஒரு குறி உங்கள் பதிவேட்டில் இருந்து, அந்தக் குறியில் உண்மையில் யாரும் இல்லையென்றால், அது அவர்தான். திருத்தி உறுதிசெய்யுங்கள்.

அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், அவர் எவ்வளவு கெஞ்சினாலும் டாலர் வைத்தாலும், கிடையாது. டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "மன்னிக்கவும், என் பதிவேட்டில் இல்லை, இன்ன நாளில் மறுபடி வருவேன், கூப்பிடுங்கள்" என்று எழுதுங்கள். கிளப்பில் ஒரு மூத்தவர் இதில் தாராளம்: "பாவம், கொடுத்துவிட்டுப் போகலாமே தம்பி, நமக்கென்ன குறைந்துவிடும்?" நமக்கு ஒன்றும் குறையாது, உண்மையாகப் பேசி அட்டை வாங்கியவருக்குக் குறையும். கணினி முறையில் இந்தத் தர்மசங்கடம் கிட்டத்தட்ட இல்லாமல் போவதும் என் சாய்வுக்கு ஒரு காரணம். பொருந்தினால் பொருந்தும், இல்லையென்றால் இல்லை. முகதாட்சண்யத்துக்கு அங்கே வேலையில்லை.

தங்கைக்குச் சொன்ன ஏற்பாடு

முழுப் பதிவேடும் லாக்புக்கிலும் இ-கியூஎஸ்எல்லிலும் வாரந்தோறும் தானாக ஏறட்டும்; இதற்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. அட்டை ஒரு சிறிய கட்டு மட்டும் அச்சடித்துக்கொள்ளட்டும். ஆயிரம் அடித்தால் மலிவு என்று அச்சகத்தார் சொல்வார்கள், இரண்டு ஆண்டில் வீடு மாறினால் அத்தனையும் வீண். பியூரோ வழி கேட்பவர்களுக்கும், பியூரோவில் வந்த அட்டைகளுக்குப் பதிலாகவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கட்டு போகட்டும். நேரடி அஞ்சல், செலவு வைத்து முறையாகக் கேட்டவருக்கும் மனத்துக்குப் பிடித்தவருக்கும். கூரியர், யாருக்கும் வேண்டாம்.

ஒலிபரப்பு உரிமம் இல்லாமல் கேட்க மட்டும் செய்பவர்களின் அட்டையும் வரும். "நீங்கள் சென்னைக்காரரோடு பேசியதைக் கேட்டேன்" என்று ரஷ்யாவிலிருந்தோ போலந்திலிருந்தோ எழுதியிருப்பார்கள். இவர்களைக் கணினி முறைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, காகிதம்தான் கதி. அவர் எழுதிய நேரமும் குறியும் உங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போனால் பதில் அட்டை போட வேண்டும். அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். நாளைக்கு உரிமம் வாங்கப்போகிற பையனாக அவர் இருக்கலாம்.

கடைசியாக, கியூ.ஆர்.இசட். தளத்தில் உங்கள் பக்கத்தில் இதையெல்லாம் எழுதி வையுங்கள். அட்டை அனுப்பும் முன் எல்லோரும் அங்கேதான் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதும் அங்கேதான். எங்கே ஏற்றுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, பியூரோ உண்டா, நேரடி அஞ்சல் என்றால் எந்த முகவரி, அஞ்சல் தாமதம் எவ்வளவு, அட்டை வேண்டாமென்றால் வேண்டாம் என்று. ஆங்கிலத்தில் ஆறு வரி போதும். தங்கை தன் பக்கத்தில் இதை எழுதிப் போட்ட பிறகு இத்தாலிக்காரர் நாலாவது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: லாக்புக்கில் பொருந்திவிட்டது, நன்றி, அட்டையும் ஒன்று கிடைக்குமா?